மீனம்மாவுக்கு ஒரு கதிரை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எண்பத்திரண்டில் வவுனியாவில் நடந்த மூன்று நாள் பேச்சுவார்த்தைப் பயிற்சிக்கு நான் போனது மத்தியானச் சாப்பாட்டுக்காக. திரும்பும்போது இந்தக் கதையும் கூடவே வந்துவிட்டது.

அருந்ததி ரீச்சர் எங்களை இரண்டிரண்டு பேராக விட்டுப் பேரம் பேசப் பழக்கினார். தன் முறை வந்தால் மீனம்மா கதிரையை விட்டு எழும்பி நின்றுவிடுவார். எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தைவிட்டு ஓடிவந்து, செட்டிகுளத்துப் பக்கம் வாய்க்காலின் கடைசியில் வயல் செய்பவர்.

"இருங்கோ மீனம்மா. நிண்டால் கெஞ்சுவியள், இருந்தால்தான் கதைப்பியள். ரெண்டு பேரும் இருக்க முன்னம் வாய் திறக்கக் கூடாது."

"சரிங்க டீச்சர்" என்று எழும்பி நின்று சொன்னார்.

மூன்றாம் நாள்தான் கதிரையில் இருந்தார்.

2

'காலைக் கதிரவன் வயல்களின் மேல் தன் பொற்' — சீ, வேண்டாம். பயிர் காய்கிறது, இதற்குள் பொன் என்ன பொன்.

நேராகவே வருகிறேன். நெல் குடலை தள்ளி, கதிர் வரப்போகும் நேரம். இந்தக் கிழமை தண்ணீர் வராவிட்டால் மீனம்மாவின் வயல் முழுக்கப் பதர். தண்ணீர் முறை வைப்பவர், வாய்க்காலின் தலைப்பில் காணி உள்ள ஐயாத்துரையர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர். அவர் வீட்டுக்குத்தான் மீனம்மா போகிறார்.

(ஐயாத்துரையரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. நல்ல மனிசன். தேத்தண்ணி கொடுப்பார். கதிரைதான் கொடுப்பதில்லை. தோட்டத்திலிருந்து வந்தவர்கள் அந்த விறாந்தையில் கதிரையில் இருந்ததே இல்லை. அதை அவர் யோசித்ததும் இல்லை.)

3

"என்ன மீனம்மா, சொல்லு."

மீனம்மா பேசவில்லை.

"தண்ணி விசயமோ?"

பக்கத்தில் கிடந்த வெறுங்கதிரையை மீனம்மா பார்த்தார்.

"வாய்க்குள்ள கொழுக்கட்டையோ வச்சிருக்கிறாய்?"

"ஒக்காந்து பேசணுங்க ஐயா." (இதை வெட்டிவிடுகிறேன். வாய் திறக்கக் கூடாது என்பதுதானே பாடம்.)

4

முடிவு ஒன்று: ஐயாத்துரையர் கதிரையை இழுத்துப் போடுகிறார். எழுதுகிற எனக்கே நம்பிக்கை இல்லை.

முடிவு இரண்டு: மீனம்மா கெஞ்சுகிறார். அவர் இரங்குகிறார். தண்ணீர் வருகிறது. இது நடக்கக்கூடியதுதான், அதனால்தான் எனக்கு வயிறெரிகிறது. அடுத்த போகமும் அதே இடத்தில் நின்று கெஞ்ச வேண்டும்.

முடிவு மூன்று: பேசாமலே திரும்பிவிடுகிறார், பயிரும்

இல்லை, அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

மீனம்மா இன்னும் நிற்கிறார். வயல் காய்ந்துகொண்டிருக்கிறது. இவ்வளவையும் நான் கதிரையில் இருந்துகொண்டுதான் எழுதினேன். நீங்களும் இருந்துகொண்டுதானே வாசிக்கிறீர்கள்.

கொஞ்சம் எழும்புங்கோ.