வேலி வைக்கிறதுக்கு முந்தி

என் பேரு மனோஜ்குமார், வயசு இருபத்தி நாலு, கொடைக்கானல் அட்டுவம்பட்டில தோட்ட வேலையில இருக்கேன். பொன்னுத்தாய் அக்கா, என் வீட்டுக்காரி ரோகிணி போன் ரிப்பேராகிக் கெடக்கு, அதான் பக்கத்து வீடுன்னு உங்க நம்பருக்கு அனுப்புறேன். கை பூரா மண்ணு. நான் பேசப் பேச போனே எழுதிக்கிது, தப்பு இருந்தா சரியா வாசிச்சுக்கங்க.

ரோகிணி, நான் சொன்னேன்ல, இங்க பத்து வீடு வட்டமா நிக்குது. நடுவுல புல்லு, ரெண்டு பேரிக்கா மரம், பீன்ஸ் பாத்தி, எல்லாம் பொது. எந்த வீட்டுக்கும் மதில் கெடையாது. எல்லா அடுப்படி ஜன்னலும் நடுவப் பாத்துதான். ஓரத்துல இருக்க சின்ன வீட்ட, குடும்பத்தோட இருந்துக்கன்னு எனக்குக் குடுத்திருக்காங்க.

நீ என்ன சொன்ன? "செவுரு இல்லாத வீடா? நான் வெங்காயம் உரிச்சா பத்து வீட்டுக்காரங்களும் கண்ணத் தொடைப்பாங்களா?"ன்ன. பழனி அடிவாரத்து லைன் வீட்டுல எல்லார் பார்வையிலயும் இருந்து சலிச்சவ நீ. மறைப்பு கேக்குறது தப்பில்ல.

அதனால இந்தப் பத்து வீட்டுச் சங்கத்துக்குச் செயலாளரா இருக்க ஜெயப்பிரியா மேடத்துகிட்ட கேட்டேன். அவங்களுக்கு மொகம் மலர்ந்துருச்சு.

"நாங்களே சொல்லணும்னு இருந்தோம் மனோஜ். ஃபேமிலி வர்றதுக்குள்ள உங்க வீட்டச் சுத்தி ஒரு ஹெட்ஜ், அதான் செடி வேலி, வச்சிருங்க. உங்களுக்கும் ப்ரைவசி, எங்களுக்கும் ப்ரைவசி."

"பாப்பா புல்லுல வெளையாடலாமாங்க மேடம்?"

"ஹெட்ஜுக்கு உள்ளயே எடம் இருக்கே."

அளந்து பாத்தேன். துணி காயப்போட ஒரு கொடி கட்டுனா தீந்துபோகும் அந்த எடம்.

வேலிக்குக் கன்னு எறக்க வந்த வண்டிக்கார வேல்ராஜ் அண்ணன் சிரிக்கிறாரு. "ஏலே, சைப்ரஸு இது. வெரசா ஒன் தலைக்கு மேல போயிரும். அப்புறம் வெளக்குமாறும் கையுமா வந்தாத்தான் நீ இந்தப் புல்லப் பாப்ப."

கன்னெல்லாம் இன்னும் சாக்குலயே கெடக்கு. குழி வெட்ட கை வரல. சாயங்காலம் மேகம் எறங்கயில அடுப்படி ஜன்னல்ல போயி நிக்கிறேன். பாப்பா பேரிக்கா மரத்தச் சுத்தி ஓடுறாப்ல இருக்கு. நீ உள்ள இருந்து "ஏய், ஈரம்டி, செருப்பப் போடு"ன்னு கத்துறாப்ல இருக்கு. திரும்பிப் பாத்தா அடுப்பு சும்மா கெடக்கு.

ஞாயித்துக்கெழமைக்குள்ள வச்சிரணும்னு மேடம் சொல்லிட்டாங்க. வச்சுட்டா எடுக்க விடமாட்டாங்க. எனக்கு வேலியே வேணாம்னு இருக்கு. ஆனா நாள்பூரா அதுக்குள்ள இருக்கப்போறது நீ. நீ வேணும்னா வச்சிருவேன், ஒண்ணும் சொல்லமாட்டேன். அதுக்கு முந்தி ஒரு தடவ அந்த ஜன்னல்ல நின்னு பாத்துட்டுச் சொல்லு.

அக்கா, இத ஒண்ணு விடாம அவளுக்கு வாசிச்சுக் காட்டுங்க. சனிக்கெழம வெள்ளனே அவளையும் பாப்பாவையும் கொடைக்கானல் பஸ்ஸுல ஏத்தி விடுங்க.