ஓரத்தில் ஒரு விரற்கடை

மூன்றாவது பஸ் முகப்புப் பேனலும் நடுவில் வெள்ளைத் திட்டு விழுந்து வீணாகிப்போன மறுநாள் காலை, அய்யம்மாள் இனி வேலைக்கு வர வேண்டாம் என்று டைப் அடித்த தாளை மேனேஜர் மதியழகன் ஃபர்ஹீனிடம் நீட்டினார். இன்ஜினியர் என்ற முறையில் அவள் கையெழுத்து வேண்டுமாம். துணி விரிப்பதில் கவனக்குறைவு என்று காரணம் போட்டிருந்தது. ஃபர்ஹீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நத்தம் ரோட்டு ஷெட்டில் ஒன்பது வருடமாக, பஸ் முகப்புக்கான மோல்டில் கண்ணாடி நார்த் துணியைச் சுருக்கமில்லாமல் விரிக்கிறவள் அய்யம்மாள். அந்தத் துணியை ஓரத்தில் ஒரு விரற்கடை குறைத்து வெட்டச் சொன்னவர் மதியழகன். போன மாதம்தான் சொன்னார். துணி மிச்சமாம்.

மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி, பம்பு காற்றை உறிஞ்சும்போது ரெசின் என்கிற பிசின் துணிக்குள் மெல்ல ஊற வேண்டும். ஓரத்தில் சந்து இருந்தால் அது துணியை விட்டுவிட்டு அந்த வழியே ஓடி, காற்றை உறிஞ்சுகிற மறுமுனைக் குழாயை முதலில் அடைத்துவிடும். நடுவில் ஒரு திட்டு நனையாமலே நின்றுவிடும். ஃபர்ஹீன் நான்கு நாள் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அந்த ஓட்டத்தை நிமிடம் நிமிடமாகக் கணித்து வைத்திருந்தாள். காட்டியபோது, "என்னம்மா, படம் ஓட்டுறியா?" என்று மதியழகன் சிரித்தார்.

"கையெழுத்துப் போட மாட்டேன் சார்," என்றாள் இப்போது. "இன்னைக்கு நீங்களே விரிங்க, அதே அளவுல. வெள்ளை எங்க விழும்னு முன்னாடியே வட்டம் போட்டுத் தாரேன். விழலைன்னா அக்காவோட நானும் போறேன்."

ஷெட்டே திரும்பிப் பார்த்தது. மதியழகன் வேறு வழியில்லாமல் சட்டைக் கையை மடித்தார். ரெசின் டப்பா மேல் உட்கார்ந்திருந்த அய்யம்மாள், "சார், அந்த மூலையில சுருக்கம் விழுது, பாருங்க," என்று மட்டும் சொன்னாள்.

பிளாஸ்டிக் தாளின் மேல் ஃபர்ஹீன் மார்க்கரால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டம் போட்டாள். வட்டம் தப்பிப்போகவும் கூடும். வெயில் ஏறினால் ரெசின் இளகும், வேகம் மாறும். கம்ப்யூட்டருக்கு இந்தத் தகரக் கூரை தெரியாது.

"இம்புட்டுப் பெருசா இருக்குமா தாயி?" என்றாள் அய்யம்மாள்.

"இருக்கும்க்கா."

பம்பு ஓடியது. ரெசின் இரண்டு ஓரங்களிலும் விறுவிறுவென்று போய் மறுமுனைக் குழாயில் ஏறியது. "அம்புட்டுத்தான், முடிஞ்சிருச்சு," என்றார் மதியழகன். நடுவில் இருந்த வெள்ளை சுருங்கிக்கொண்டே வந்தது. வட்டத்துக்குள் வந்தது. அங்கேயே நின்றது. அவர் குனிந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை அழுத்தினார்.

அய்யம்மாள் எழுந்துபோய் வெட்டுகிற மேசையில் புதுத் துணியை உருட்டி விரித்தாள். யாரையும் கேட்கவில்லை. மேனேஜர் போட்டுவைத்திருந்த சாக்பீஸ் கோட்டுக்கு ஒரு விரற்கடை வெளியே கத்திரியை வைத்து வெட்டத் தொடங்கினாள்.