பத்துக்கும் சரி

1984-இல் நான் மலேசியாவில், ஈப்போ பக்கம் லகாட் செங்கல் சூளையில் கல் அடுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் மகள் கெர்ட்ரூடுக்கு மூன்று வயது. மாதம் ஒருமுறை ஈப்போ ஆஸ்பத்திரியில் அவளுக்கு ரத்தம் ஏற்றுவார்கள். தலசீமியா, உடம்பில் நல்ல ரத்தம் ஊறாத நோய் என்றார் டாக்டர். "எல்லாம் இவ ரத்தம்தான்" என்றாள் என் அம்மா. இவ என்றது என் மனைவி அகதாவை.

அம்மா சொன்னதை நானும் நம்பினேன். பெற்றவர்களுக்குச் சோதனை என்று கூப்பிட்டபோது, அகதாவின் ரத்தத்தில் கோளாறு தெரிந்தால் அவளைச் சுங்கை சிப்புட்டில் அவள் அப்பா வீட்டிலேயே விட்டுவிடுவது என்று முடிவு செய்துதான் கூட்டிப்போனேன். அது அவளுக்கும் தெரியும்.

மங்களம் என்ற நர்ஸ், எங்கள் பேச்சில் மிஸ்ஸி, எங்கள் இருவரையும் உட்காரவைத்து, நோய் எப்படி வருகிறது என்று கால் மணி நேரம் விளக்கினாள். பிறகு ஆளுக்கொரு தாள் தந்தாள். பத்து வாக்கியம், தமிழில். சரியா தப்பா என்று குறி போட வேண்டும். முப்பத்தைந்து வயதில் இரவு வகுப்பில் படித்த எழுத்து. விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசித்தேன். பத்துக்கும் சரி என்று போட்டுக் கொடுத்தேன்.

மிஸ்ஸி பார்த்தாள். சிரிப்பை அடக்கியது தெரிந்தது.

"அண்ணே, 'இந்த நோய் தாயால மட்டும் வரும்'. சரின்னு போட்டிருக்கீங்க. அடுத்தது, 'தாய் தகப்பன் ரெண்டு பேருகிட்ட இருந்தும் வரும்'. அதுவும் சரியா?"

"நீங்க எழுதினது தப்பா இருக்குமா மிஸ்ஸி?"

ரப்பர் தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு வரிசையில் நின்று வளர்ந்தவன் நான். பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும்போது கணக்குப் பார்க்கும் கிராணி எது சொன்னாலும் "சரிங்க" என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த பதில்.

"பத்துக்கு அஞ்சு. அக்கா எட்டு வாங்கிட்டாங்க" என்றாள் மிஸ்ஸி.

"பெயில்னா ரத்தம் எடுக்கமாட்டீங்களா?"

"பரீட்சை உங்களுக்கு இல்லலா. நாங்க சொன்னது உங்களுக்கு ஏறிச்சான்னு பாக்குறோம். ஏறாம ஊசி குத்தக்கூடாது, டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு. இப்ப நீங்களே சொல்லுங்க, பாப்பாவுக்கு எப்படி வந்துச்சு?"

நான் அகதாவைக் காட்டினேன். அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

மிஸ்ஸி சிரிக்கவில்லை. "அக்காகிட்ட இருந்து ஒரு பாதி, உங்ககிட்ட இருந்து ஒரு பாதி. ரெண்டும் சேந்தாத்தான் இந்த நோய். ஒரு பாதி மட்டும் இருக்கிறவங்க உங்கள மாதிரி கல்லு தூக்கிட்டு நல்லாத்தான் இருப்பாங்க. அக்கா உங்களுக்குச் சொந்தமா?"

"மாமன் மக. அம்மாவோட அண்ணன் மக."

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே தாத்தா பாட்டி. அங்கிருந்தே ரெண்டு பக்கமும் இறங்கியிருக்கலாம்ண்ணே."

இத்தனை நாள் நாங்கள் ஏசியது அம்மா பிறந்த வீட்டையேதானா?

"முதல் பிள்ளைக்கு வந்துருச்சு. நாலு பிள்ளையில ஒண்ணுக்கு வரும்னீங்களே, இனி மூணு நல்லா பொறக்கும்தானே?" என்று கேட்டேன்.

"எட்டு மார்க்குக்காரங்க சொல்லட்டும்" என்றாள் மிஸ்ஸி.

அகதா அன்று முதல்முறையாக வாய் திறந்தாள். "ஒவ்வொரு தடவையும் நாலுல ஒண்ணுதாங்க. முன்ன பொறந்தத கணக்குல சேக்கமாட்டாங்க."

மறுபடி விளக்கி, மறுபடி தாள் தந்து, ஒரு மணி நேரம் ஆனது. மூன்றாவது தாளில் ஒன்பது வாங்கினேன். அதன் பிறகுதான் மிஸ்ஸி ஊசியை எடுத்தாள். முதலில் என் கையை நீட்டினேன்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. இருவரிடமும் அந்தப் பாதி இருந்தது. அகதாவைச் சுங்கை சிப்புட்டுக்கு அனுப்பும் பேச்சை அன்றோடு விட்டேன். மிஸ்ஸி என் முதல் தாளை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டு ரத்தம் எடுத்திருந்தால், என் பெண்சாதியை நானே தெருவில் நிறுத்தியிருப்பேன். மங்களம் மிஸ்ஸி எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். அப்புறம் அகதாவிடம்தான் கேட்டாள்:

"ஏம்மா, என் கையிலயும் குத்திப் பாப்பாங்களா?"