ஊருக்குப் போனவளிடம் சொல்லாதது

அந்த வருஷம் முத்தியால்பேட்டையில் ஒருத்தர் நிமிர்ந்து நடந்தால் அதுவே அதிசயம். சிக்குன்குனியா வீடு வீடாகப் புகுந்து முட்டியையும் மணிக்கட்டையும் முறுக்கிப் போட்டிருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டுப் பெரியவர்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வாசலுக்கு வந்தார். எந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாலும் நிலவேம்புக் கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது. "உங்க வீட்ல வந்துடுச்சா?" என்பதுதான் தெருவில் குசலம் விசாரிப்பு.

ஆகவே, சாயங்காலம் புருஷன் கமலக்கண்ணன் வலிக்கிறதென்று தன் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது ஹேமலதாவுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மகள் சரிதாவுக்கு இப்போதுதான் காய்ச்சல் விட்டிருக்கிறது, அதற்குள் இவரா? அதுவும் இன்றைக்கா? தட்டாஞ்சாவடியில் மருந்து பாட்டிலுக்கு மூடி செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றுக்கு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பது அவள் வேலை. மறுநாள் காலை பெங்களூரில் ஒரு பெரிய மருந்துக் கம்பெனிக்காரர்கள் வரச் சொல்லியிருந்தார்கள். நாயாய்ப் பேயாய் அலைந்து கிடைத்த வாய்ப்பு. விட்டால் அவ்வளவுதான்.

"எனக்கும் வந்துடுச்சி போல. வேற என்ன? நீ கெளம்பு. நான் பாத்துக்கறேன்" என்றான் கமலக்கண்ணன்.

ரசம் வைத்தாள். காய்ச்சல் மாத்திரையை எடுத்து வைத்தாள். பக்கத்து வீட்டுச் சாந்தியக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

கமலக்கண்ணன் பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் போனவர்களிடம் நோவு நொடியைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள். சொன்னால் போன காரியம் கெட்டுவிடுமாம்! அவன் அப்பா கீழே விழுந்து இடுப்பு ஒடிந்ததுகூட, இவர்கள் இரண்டு பேரும் திருப்பதி போய்த் திரும்பி, லட்டைப் பிட்டு எல்லாருக்கும் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. ஹேமலதா அன்றைக்குக் கத்திய கத்தில் ஊரே கூடிவிட்டது. கத்தி என்ன பிரயோஜனம்? ரத்தத்தில் ஊறியது போகுமா?

காலையில் பெங்களூரில் இறங்கியதும் போன் செய்தாள்.

"எப்படிங்க இருக்கு?"

"தேவல. நீ மீட்டிங்குல பதட்டப்படாம பேசு."

மருந்துக் கம்பெனி வரவேற்பறையில் உட்கார்ந்து மறுபடி போட்டாள். "நல்லாருக்கேன்" என்று ஒரே வார்த்தை. குரலில் காற்றுதான் அதிகம் வந்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே கூப்பிடுவதற்குள் இன்னொரு தரம் போட்டாள். இந்தத் தடவை சரிதா எடுத்தாள்.

"அப்பா எங்கடி?"

"படுத்துக்கினு இருக்காரும்மா." குழந்தை குரலைத் தாழ்த்தினாள். "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு."

"என்னத்தடி சொல்லக் கூடாதுன்னாரு?"

"வாந்தி எடுத்தாரும்மா. சட்டை பூரா வேர்வ. தொட்டா ஜில்லுன்னு இருக்கு."

ஹேமலதா சட்டென்று எழுந்து நின்றாள். ஜில்லென்றா? இந்தக் காய்ச்சல் வந்த உடம்பு அடுப்பு மாதிரி அல்லவா கொதிக்கும்! சரிதாவை மடியில் போட்டுக்கொண்டு கிடந்தவளுக்குத் தெரியாதா?

"எந்தக் கை வலிக்குதுன்னு கேளு."

"எடது கையாம். நெஞ்சு மேல யாரோ உக்காந்துக்கினு இருக்கற மாதிரி இருக்குதாம்."

கண்ணாடிக் கதவைத் திறந்து ஒரு பெண் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஹேமலதா கையைக் காட்டி நிறுத்திவிட்டு, சாந்தியக்காவின் செல்லுக்குப் போட்டாள்.

"அட, ஊருக்கே இருக்கறதுதான ஹேமா! எனக்குந்தான் முட்டி வீங்கிக் கெடக்கு" என்றாள் சாந்தி.

"உங்களுக்கு மொதல்ல காய்ச்சல் கொதிச்சிதா இல்லியா?"

"கொதிச்சிது, ஆமா."

"அவருக்குக் காய்ச்சலே இல்லக்கா! இது நெஞ்சுக்கா! ஓடுங்கக்கா!"

சாந்தியால் எங்கே ஓட? நொண்டி நொண்டித்தான் போனாள். ஸ்டாண்டில் ஒரு ஆட்டோ இல்லை, டிரைவர்கள் எல்லாரும் படுக்கையில். எதிர்வீட்டு அம்மாவாசையின் ஆட்டோ மட்டும் வாசலில் நின்றது. அவன் இடது கை விரல்களோ மடங்கவே மாட்டேன் என்றன.

"கிளட்ச்ச அமுக்க முடியாதே சாந்தியக்கா" என்று அவன் புலம்புவது செல்லில் கேட்டது.

"நான் அமுக்கறேன், நீ ஓட்டுடா!"

கமலக்கண்ணனைக் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். சாந்தி டிரைவர் சீட்டில் ஒண்டிக்கொண்டாள். செல்லைச் சரிதா வாங்கிக்கொண்டாள். அப்புறம் ஹேமலதாவுக்குக் கேட்டதெல்லாம் ஹாரனும் "அமுக்குக்கா! விடுக்கா! அமுக்கு!" என்ற கத்தலும்தான். வண்டி குலுங்கி நின்றது, கிளம்பியது, மறுபடி நின்றது. ஒவ்வொரு தரமும் இவள் உயிர் போய் உயிர் வந்தது.

"அப்பா கண்ணத் தொறந்திருக்காராடி?"

"தொறந்து தொறந்து மூடறாரும்மா."

"மூட வுடாத! பேச்சுக் குடுத்துக்கினே இரு!"

அந்தப் பெண் மறுபடியும் கதவைத் திறந்தாள். மூடியாவது மண்ணாங்கட்டியாவது! சாம்பிள் பையை நாற்காலியிலேயே போட்டுவிட்டு ஹேமலதா ரோட்டுக்கு ஓடி வந்தாள். லைன் அறுந்துவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டாள், யாரும் எடுக்கவில்லை. பாவி, மாத்திரையை எடுத்து வைத்துவிட்டு பஸ் ஏறினாயே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒரு வழியாகச் சாந்தியே கூப்பிட்டாள்.

"பெரியாஸ்பத்திரில சேத்துட்டோம் ஹேமா. மாரடைப்புதானாம். இன்னுங் கொஞ்சம் உட்டிருந்தா அவ்ளோதான்னாரு டாக்டரு. ஊசி போட்டிருக்காங்க, உள்ள கொண்டு போப்போறாங்க. இரு, உன்கிட்ட பேசணும்னு அடம் புடிக்கிறாரு."

"ஹேமா..."

"சொல்லுங்க."

"மீட்டிங்கு என்னாச்சி?"

"அதக் கேக்காதீங்க. நல்லாருக்கேன்னு மட்டும் சொல்லிப்புடாதீங்க. சொன்னீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

அவன் மூச்சு வாங்க வாங்கப் பேசினான்.

"வலிக்குது ஹேமா. ரொம்ப வலிக்குது. பயமா இருக்கு. வந்துடு."

கட்டிக்கொண்டு வந்த நாளாக அந்த மனுஷன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. முன்பின் தெரியாத ஊரில், நட்டநடு ரோட்டில், ஹேமலதா ஓவென்று அழுதாள். அழுதபடியே, எதிரே வந்த ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.

"இதோ வர்றேங்க. வந்துக்கினே இருக்கேன். டாக்டருகிட்டயும் இப்பிடியே சொல்லுங்க, ரொம்ப வலிக்குதுன்னு சொல்லுங்க!"