ராக்னாவுக்கு எதிராகத் தூக்கிய கை

ராக்னாவுக்கு நினைவுக் கூட்டம் நடத்தப்போவதாக சுவாமிநாதன் அங்கிள் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். "நம் எல்லோருக்கும் தாயாக இருந்தவர்" என்ற வரியைப் படித்ததும் அதை மூடிவிட்டேன். எங்கள் குடியிருப்பு அசோசியேஷனின் தலைவர் சுவாமிநாதன் அங்கிள். அந்தத் தாயை கிளப் ஹவுஸிலிருந்து வெளியேற்றத் தீர்மானம் கொண்டுவந்தவரும் அவர்தான்.

நாங்கள் லிவர்மோருக்கு வந்தது 2001 ஜூலையில். என் கணவர் நூர் முகம்மதுக்கு சான் ரமோனில் வேலை. செப்டம்பரில் விமானங்கள் மோதிய மறுநாள், முக்காடோடு நடந்துபோன என்னைப் பார்த்து ஒருவன் கார் கண்ணாடியை இறக்கிக் கத்தினான். அதன்பின் நான் வாசலைத் தாண்டவில்லை. மகள் இன்ஷாவுக்குப் பள்ளியும் நின்றுபோயிற்று.

மூன்றாம் நாள் கதவைத் தட்டியது எதிர்வீட்டு ராக்னா. அறுபத்தைந்து வயது, ஆண்பிள்ளை போல வெட்டிய நரைமுடி. "நாளை எட்டு மணிக்கு வருகிறேன். நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், குழந்தை நடுவில்" என்றாள். ஆறு வாரம் தினமும் வந்து பள்ளிவரை கூட நடந்தாள்.

நார்வேயின் வடக்கே ஒரு மீன்பிடித் தீவில் பிறந்தவள் அவள். இருபத்திரண்டு வயதில் தனியாக இங்கே பக்கத்திலுள்ள ஓக்லண்டுக்கு வந்து, ஓர் ஆஸ்பத்திரியில் துணி துவைத்தாளாம். "முதல் வருஷம் முழுக்க, என் இங்கிலீஷைத் திருத்துவதற்கு மட்டும்தான் என்னிடம் பேசினார்கள். அந்த ஒரு வருஷத்துக்கு இன்னும் எனக்குக் கோபம் போகவில்லை" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

வியாழக்கிழமைகளில் குடியிருப்பின் பொதுக்கூடமான கிளப் ஹவுஸில் மதியச் சாப்பாடு போடுவாள். தனியாக இருக்கும் முதியவர்கள், புல் வெட்ட வருகிறவர்கள், காரிலேயே படுத்துறங்கும் ஒரு தம்பதி என்று யாரும் வரலாம். நான் பரிமாறுவேன். எனக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். பாத்திரத்தில் பிசுக்கு இருந்தால் யாரென்று பார்க்காமல் திட்டுவாள். ஆஸ்பத்திரியில் யாராவது துணையில்லாமல் கிடந்தால், பின்னல் வேலையை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

2006-இல் எங்கள் தெருவில் வீட்டு விலை தாறுமாறாக ஏறியது. வியாழக்கிழமைக் கூட்டம் தெருவின் மதிப்பைக் கெடுக்கிறது என்று பேச்சு கிளம்பியது. சாப்பாட்டை நிறுத்த அசோசியேஷன் கூடியது. போகும்போதே நூர் சொன்னார்: "கிரீன் கார்டு பெண்டிங்ல இருக்கு. நமக்கு எதுக்கு வம்பு? எல்லாரும் என்ன பண்றாங்களோ அதையே பண்ணிடுவோம்."

"அவங்க இல்லன்னா நான் வெளியவே போயிருக்க மாட்டேங்க."

"யாரு இல்லன்னு சொன்னா? பர்சனலா தாங்க்ஸ் சொல்லிக்கலாம்."

சாப்பாட்டை நிறுத்தச் சம்மதிப்பவர்களை சுவாமிநாதன் அங்கிள் கை தூக்கச் சொன்னபோது நான் தூக்கினேன். ராக்னா முன்வரிசையிலிருந்து திரும்பி, ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். என் கையைப் பார்த்தாள். அடுத்த கைக்குப் போய்விட்டாள். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அன்று வீட்டுக்கு வந்து சோறு பிசைந்தபோது என் கையைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

அவள் தன் வீட்டு கராஜில் சாப்பாடு போட ஆரம்பித்தாள். அதற்கும் நோட்டீஸ் அனுப்பினார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. தெருவில் பார்த்தால் அவள் வழக்கம்போலத் தலையசைப்பாள். நான் போனில் பேசுவதுபோல நடிப்பேன். அடுத்த வருஷம் பக்கவாதம் வந்து முதியோர் இல்லத்துக்குப் போனாள். ஒரே ஒரு முறை பார்க்கப் போனேன். பேச்சு இங்கிலீஷிலிருந்து நார்வே மொழிக்குத் திரும்பிவிட்டிருந்தது. நான் மன்னிப்புக் கேட்டது அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. 2009 பிப்ரவரியில் இறந்துபோனாள்.

நினைவுக் கூட்டம் அதே கிளப் ஹவுஸில் நடந்தது. மேசையில் அவள் சிரிக்கும் படம். வெள்ளை கிரீம் பூசிய பெரிய கேக். அறை முழுக்க அதன் இனிப்பு வாடை. கை தூக்கியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார்கள். நோட்டீஸில் கையெழுத்துப் போட்ட பெண்மணி, "அவள் கதவு யாருக்கும் மூடியதில்லை" என்றபோது என் வாயில் எச்சில் ஊறிக் கசந்தது.

என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். 2001-இல் ராக்னா ஒரு முஸ்லிம் பெண்ணை நடத்திக் கூட்டிப்போன கதை அவர்களுக்கு வேண்டியிருந்தது. அதைச் சொன்னேன். பிறகு, "மூன்று வருஷத்துக்கு முன் இந்த அறையில்தான் அவள் சாப்பாட்டை நிறுத்தினோம். நானும் கை தூக்கினேன். இங்கே இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தூக்கினோம். அவள் அதைப் பார்த்தாள்" என்றேன்.

நூர் தலையைக் குனிந்துகொண்டார். யாரோ அவசரமாகப் பாட்டைப் போட்டார்கள்.

கேக் தட்டோடு சுவாமிநாதன் அங்கிள் என்னிடம் வந்தார். "என்ன மெஹர், டிக்னிஃபைடா முடிஞ்சிருக்க வேண்டிய ஃபங்ஷன். இதெல்லாம் இப்ப தேவையா?"

"நடந்ததைத்தானே அங்கிள் சொன்னேன்."

"நீங்களும்தான தூக்கினீங்க?"

"ஆமா. அதையும் சேர்த்துத்தான் சொன்னேன்."

"இந்த ஹாலுக்கு அவங்க பேரையே வைக்கப்போறோம், தெரியுமில்ல? ரெஸ்பெக்ட் இல்லாமலா வைப்போம்?" உதட்டோரத்தில் கிரீம் ஒட்டியிருந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

மறுவாரம் அசோசியேஷனுக்கு எழுதினேன். வியாழக்கிழமைச் சாப்பாட்டை அந்த ஹாலில் மறுபடி ஆரம்பிக்க அனுமதி வேண்டும், சமையலும் சுத்தமும் என் பொறுப்பு என்று. அந்த வருஷம் எங்கள் தெருவிலேயே கடன் கட்ட முடியாத மூன்று வீடுகளை பேங்க் எடுத்துக்கொண்டிருந்தது. சாப்பாடு தேவைப்படுகிறவர்கள் கூடியிருந்தார்களே தவிர குறையவில்லை.

பதில் வர ஒரு மாதம் ஆயிற்று. இன்ஷாதான் உறையைப் பிரித்தாள். இப்போது ஹைஸ்கூலில் படிக்கிறாள். "நோ சொல்லிட்டாங்க" என்றாள். பிறகு தாளின் உச்சியைப் பார்த்துவிட்டு, "தே யூஸ்டு ஹெர் நேம்?" என்று கேட்டாள்.

வாங்கிப் பார்த்தேன். 'ராக்னா நினைவுக் கூடம்' என்று நீல எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதன் கீழே, இக்கூடத்தில் வெளியாட்களுக்கு உணவு வழங்க அனுமதியில்லை என்று ஒரே ஒரு வரி. அந்தத் தாளைத் தொட்டுக்கொண்டிருக்கவே பிடிக்காமல் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனேன்.