அடையாள அட்டை இல்லாத ஆட்கள்

உலகத்தில் முதன்முதலாக ‘நான்’ என்று நினைத்தவர் தன்னுடைய தொண்ணூற்றோராவது தலைமுறைப் பாட்டனார்தான் என்று சட்டைக் கம்பெனி மெக்கானிக் அறிவித்திருந்தார். ஒரு மழைநாளில் குகை வாசலில் குந்தியிருந்தவருக்கு அந்த நினைப்பு தும்மல் மாதிரி வந்ததாம். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் தொற்றிக்கொண்டதாம். மனித குலத்துக்குப் புத்தி வந்த வரலாறு அவ்வளவுதான். யாரும் மறுக்கவில்லை. அவரை விட்டால் மெஷின் பார்க்க ஆளில்லை.

அங்கே நாற்பது பெண்கள் தைத்தார்கள். மெக்கானிக்கின் மனைவிக்குக் காஜா மெஷினில் வேலை. பட்டன் துளைக்கு விளிம்பு கட்டவேண்டும். ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில், கோணலாகிப்போன காலர் ஒன்றைப் பற்றி மேஜையிடம் முணுமுணுத்துவிட்டு அதன் மேலேயே தலை சாய்த்தாள். கண் அயர்ந்ததும் அவளுக்குள்ளிருந்து அவளைப் போலவே ஒருத்தி இறங்கி வந்து, காலரைப் பிரித்துத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, மணி அடித்ததும் உள்ளே போனாள். வந்தவளுக்கு அடையாள அட்டை இல்லை என்பது ஒன்றுதான் சூப்பர்வைசரின் ஆட்சேபம். அடிமனசுக்கு அட்டை தேவையில்லை என்று மூன்று மாதம் கழித்து ஆபீஸிலிருந்து சுற்றறிக்கை வந்தது. இரண்டு வருஷத்தில் நாற்பது பேருக்கும் ஆள் வர ஆரம்பித்தது. ஸ்டூல் போதாமல் போனதைத் தவிர வேறு தொந்தரவில்லை. வந்தவர்களும் களைத்தவர்கள்தான், கொட்டாவி விட்டுக்கொண்டே தைத்தார்கள்.

மெக்கானிக்குக்குத்தான் பொறுக்கவில்லை. “எங்க பாட்டன் கண்ணை முழிச்சுக் கண்டுபிடிச்ச புத்தி. நீங்க கண்ணை மூடிக் கெடுக்கறீங்க. குறட்டை விடுற மனசெல்லாம் ஒரு மனசா?”

“உங்க பாட்டன் அன்னைக்கு நல்லாத் தூங்கி எழுந்திருப்பாரு,” என்றாள் மனைவி, சாப்பாட்டு டப்பாவை மூடியபடி.

அவர் பகலில் கண் மூடியதில்லை. ராத்திரியிலும் இமைக்குப் பின்னால் காவல் நின்றார். கண்ணுக்குக் கீழே இரண்டு பை தொங்கியது. சின்னத் திருகுகளை அதில்தான் போட்டு வைத்துக்கொண்டார்.

பிறகு காஜா மெஷின் தையலைத் தவறவிட ஆரம்பித்தது. முதலில் பத்துக்கு ஒன்று, அப்புறம் மூன்றுக்கு ஒன்று. இருந்தது அந்த ஒரு மெஷின்தான். துளையில்லாத சட்டையை யார் வாங்குவார்கள்? எட்டு நாள் கழற்றி மாட்டினார். ஊசியை மாற்றினார், நூலை மாற்றினார். சும்மா விட்ட திருகு சோம்பேறியாகிவிடும் என்பது அவர் கொள்கை. வருஷக்கணக்கான வழக்கப்படி, தினமும் கிளம்பும் முன் எல்லாத் திருகையும் இன்னும் கொஞ்சம் இறுக்கினார். சனிக்கிழமை சாயந்திரத்துக்குள் ஓடாவிட்டால் கம்பெனியைப் பூட்டிவிடுவதாக முதலாளி சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை; அவருக்கும் அலுத்துப் போயிருந்தது.

“என் ஆளுக்குத் தைக்கத்தாங்க தெரியும்,” என்றாள் மனைவி. “உங்க ஆள் வந்தாத்தான் ஆச்சு.”

“என் வம்சத்துல அப்படி ஆளே கிடையாது.”

“சரி.” வாதாட அவளுக்குத் தெம்பில்லை.

சனிக்கிழமை மதியம் நாற்பது பேர் தூங்கினார்கள், நாற்பது பேர் தைத்தார்கள். மெக்கானிக் சுற்றுமுற்றும் பார்த்தார். நாற்பது குடும்பத்து அடுப்பு தன் கையில் இருப்பதாக நினைத்தபோது அந்தக் கையைத் தூக்கக்கூட முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். கண்பையிலிருந்த திருகுகளை ஒரு மூடியில் கொட்டினார். மனைவியின் முழங்கைக்குப் பக்கத்தில் தலையை வைத்து, மேஜையிடம் மிக மெதுவாக, “காஜா மெஷின்,” என்றார்.

இறங்கி வந்தவனுக்கு முதுகு வளைந்திருந்தது; ஐம்பது வருஷம் உள்ளேயே குந்தியிருந்தவன். அவன் மெஷினைக் கழற்றவில்லை. நூலை ஒரு விரலால் இழுத்துப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். நூலைப் பிடித்துக்கொண்டிருந்த திருகை, தினமும் இறுக்கிய இறுக்கமெல்லாம் போகும்வரை தளர்த்தினான். மெஷின் ஒரு தையல் விடாமல் ஓடியது.

சத்தம் கேட்டு ஓடிவந்த சூப்பர்வைசர், விஷயத்தைச் சொல்ல மெக்கானிக்கின் தோளைத் தொடப் போனார். காலர் தைத்துக்கொண்டிருந்த மனைவியின் ஆள் தலை நிமிராமல் சொன்னாள்:

“மணி அடிக்க இன்னும் எட்டு நிமிஷம் இருக்குல்ல? விடுங்க. இப்பத்தான் குறட்டையே வந்திருக்கு.”

சூப்பர்வைசர் தலையாட்டிவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பிப் போனார்.