மழையில் வைத்த தூள்

கனடாவிலிருந்து வந்த மின்னஞ்சல் மிக மரியாதையாக இருந்தது. அதுதான் ஆய்வாளர் பெதானியை உறுத்தியது.

'நீங்கள் கட்டுரையில் எழுதியபடியே பலமுறை செய்தோம். தூள் கரியமில வாயுவைப் பிடிக்கவில்லை. எங்கே தவறுகிறோம் என்று சொல்ல முடியுமா?'

அந்தத் தூள்தான் பெதானிக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஒவ்வொரு துகளுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஏராளமான துளைகள். புகைபோக்கியில் வரும் கரியமில வாயு அவற்றில் நுழைந்து ஒட்டிக்கொள்ளும். சூடாக்கினால் விட்டுவிடும். ஆய்வகம் பழைய கட்டடத்தில் இருந்தபோது செய்த தூள் நன்றாகவே பிடித்தது. இப்போது புதிய ஆய்வகத்தில் அவளே செய்து பார்த்தாள். பிடிக்கவில்லை.

ஆய்வகத் தலைவர் ரமணன் குரலை உயர்த்தாமல் சொன்னார். "திங்கக்கிழமை வரைக்கும் பாருங்க. நம்மாலயே முடியலைன்னா பேப்பரை வாபஸ் வாங்கிடுவோம். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல."

"உங்களுக்கு இல்ல," என்றாள் பெதானி.

உலோக உப்பைச் சந்தேகித்தாள். கரைப்பானைச் சந்தேகித்தாள். அடுப்பையும் விடவில்லை. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாகிவிட்டது. எல்லாமே நிரபராதிகள்.

வெள்ளிக்கிழமை மதியம் அவளும் உதவி ஆய்வாளர் ஃபஸீலாவும் சிங்கப்பூரின் ஜாலான் புசார் சாலைக் கடையொன்றில் புரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வெயிலிலும் ஃபஸீலா ஸ்வெட்டரைக் கழற்றவில்லை.

"புது லேப் ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்குக்கா. எலும்புக்குள்ள போன குளிரு இன்னும் வெளிய வரல."

"பழைய லேப்ல புழுக்கம்னு அழுதே."

"அது வேற லா. அங்க வெள்ளி சாயங்காலம் ஏசிய அணைச்சா திங்கக்கிழமைதான் போடுவாங்க. சனிக்கிழமை வேலைக்கு வந்தா வேர்த்து ஊத்தும்."

பெதானியின் கை குழம்பிலேயே நின்றது.

"அப்போ தூளை எங்க வெச்சிருந்தோம்?"

"மேசை மேலதான். அப்ப நம்மகிட்ட ட்ரை கேபினட் ஏது? இப்பதான வசதி வந்திருக்கு."

"அந்த வசதிதான் குத்தவாளி. எந்திரி."

நடந்துகொண்டே விளக்கினாள். செய்யும்போது ஊற்றிய கரைப்பான் துளைகளுக்குள் அடைத்துக்கொண்டிருக்கிறது. பழைய ஆய்வகத்தின் வார இறுதிபோல ஈரக் காற்றில் வைத்தால் தண்ணீர் மெல்ல நுழைந்து அதை வெளியே தள்ளும். தண்ணீரைச் சூடாக்கி விரட்டுவது சுலபம். தூள் இப்போது இருக்கும் உலர்பெட்டியில், அதாவது ட்ரை கேபினட்டில், காய்ந்த காற்று. கரைப்பான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

"கனடாவுல இப்ப பனிக்காலம்," என்றாள் ஃபஸீலா. "அங்க காத்தே காய்ஞ்சு போயிருக்கும்."

புதிய கட்டடத்தில் குளிரூட்டாத அறை ஒன்றுகூட இல்லை. பின்பக்கம் சரக்கு இறக்கும் மேடை இருந்தது. கூரைக்குக் கீழே கண்ணாடித் தட்டில் தூளைப் பரப்பி, மேலே வடிதாளைக் கட்டினார்கள்.

காவலர் அழகப்பன் வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, வடகம் காயப்போட்டிருக்கீங்களா?"

"இல்லண்ணே, ஊறப்போட்டிருக்கோம்."

"மழை வருது. எடுத்து உள்ள வைங்க."

"வரட்டும்ண்ணே. யாரும் தொடாம மட்டும் பாத்துக்குங்க."

இரண்டு டாக்டர் பட்டங்களையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் குடையை விரித்துக்கொண்டு போனார். சனியும் ஞாயிறும் மழை விட்டபாடில்லை. பெதானி தேவாலயத்தில் மற்றவர்களுக்கெல்லாம் ஜெபித்து முடித்து, கடைசியில் ஈரப்பதத்துக்காகவும் ஒரு வார்த்தை சொன்னாள்.

திங்கட்கிழமை தூளைச் சூடாக்கி, தண்ணீரை விரட்டி, அளக்கும் கருவியில் மாட்டினார்கள். திரையில் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. ரமணன் பின்னால் கைகட்டி நின்றார். வாயு உள்ளே போயிற்று. கோடு நிமிர்ந்தது. பழைய கட்டுரையில் ஏறிய அதே உயரத்துக்கு ஏறி, அங்கேயே நின்றது.

பெதானி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வாபஸ் வேணாம். திருத்தம் போதும்," என்றார் ரமணன். "ஆனா ஒரு தடவை வந்தா அதிர்ஷ்டம்னு சொல்லுவாங்க. இன்னொரு தடவை செஞ்சிட்டு எழுதுங்க."

"ரெண்டாவது தட்டு காலையிலயே கீழ மேடைக்குப் போயாச்சு."

"யார் காவல்?"

"அழகப்பன் அண்ணன். நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு. காக்கா வந்தா விரட்டுவாராம்."

ரமணன் முதல் தடவையாகச் சிரித்தார். பெதானி கனடாக்காரர்களுக்குப் பதில் எழுத ஆரம்பித்தாள். முதல் வரியே அவளுக்கு ருசித்தது: 'நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை.'